மீடியா பிளேயரில் ஓபஸ் ஒலிவடிவத்தைச் சேர்த்த என் அனுபவம்

நான் நாள்தோறும் பயன்படுத்தும் திறந்த மூல மீடியா பிளேயர் ஒன்றில் ஓபஸ் ஒலிக்கோப்புகள் இயங்கவில்லை என்பதால், அந்த வசதியைச் சேர்க்கும் பணியைத் தன்னார்வமாக ஏற்றுக்கொண்டேன். 2012-இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ், உரிமத்தொகை இன்றி எவரும் பயன்படுத்தக்கூடியது. அதன் லிப்ஓபஸ் நிரலகத்தை இணைத்து ஒலியை வரவழைப்பது எளிதாகவே முடிந்தது.

சிக்கல் நேரக்கணக்கில் இருந்தது. ஒவ்வொரு பாடலின் தொடக்கத்திலும் சிறு மௌனம் கூடுதலாக வந்தது. இடைவெளியின்றித் தொடர வேண்டிய பாடல்களுக்கு நடுவே அது தெளிவாகவே தெரிந்தது. ஓபஸ் ஒலியைப் பொதிந்து வைக்கும் ‘ஆக்’ (Ogg) வகைக் கோப்பின் தலைப்பகுதியில், தொடக்கத்தில் எத்தனை மாதிரிகளை (ஒலியைச் சிறு இடைவெளிகளில் அளந்த மதிப்புகளை) கைவிட வேண்டும் என்ற எண் 16 பிட்டுகளில் குறிக்கப்பட்டிருக்கிறது. மூல ஒலி எந்த வீதத்தில் பதிவாகியிருந்தாலும் அந்த எண் நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற அளவிலேயே கணக்கிடப்படுவதால், ஒலி அட்டைக்கு ஏற்ப வீதத்தை மாற்றுவதற்கு முன்பே அம்மாதிரிகளை நீக்கும்படி நிரலை அமைத்தேன். கோப்பின் கடைசிப் பக்கத்தில் (தரவுத்தொகுதியில்) மாதிரிகளின் மொத்த எண்ணிக்கையைக் காட்டும் நிலைக்குறியைக் கொண்டு முடிவில் உள்ள மிகுதியையும் வெட்டிய பிறகே பாடல்கள் ஒட்டித் தொடர்ந்தன.

பாடலின் நடுவே தாவும்போது எழுந்த சிதைவுக்குக் காரணம் வேறு: ஓபஸில் ஒரு சட்டகத்தின் (ஒலியின் சிறு துண்டின்) ஒலி அதற்கு முந்தைய சட்டகங்களையும் சார்ந்திருக்கிறது. ஆகவே, கேட்பவர் தேர்ந்த இடத்துக்குக் குறைந்தது 80 மில்லிநொடி முன்னிருந்தே குறிவிலக்கத் (சுருக்கிய தரவை ஒலியாக மாற்றத்) தொடங்கி, அந்தப் பகுதியை ஒலிக்காமல் விடும்படி மாற்றினேன். இத்தகைய பணிக்குச் சோதனைக் கோப்புகள் இன்றியமையாதவை என்பது என் உறுதியான கருத்து. எனவே, தலைப்பகுதியில் ஒலியளவுத் திருத்தம் குறிக்கப்பட்ட கோப்பு உட்படப் பலவற்றை நிரலுடன் சேர்த்தே அனுப்பினேன். பராமரிப்பாளர்கள் அவற்றை ஓட்டிப் பார்த்து மாற்றங்களை ஏற்றுக்கொண்டனர்.