கொட்டகையில் நின்ற அம்பாசடரை வீட்டிலேயே ஓட வைப்பது எப்படி

பல ஆண்டுகள் அசையாமல் நின்ற காரை மீட்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, புது பேட்டரி ஒன்றை வாங்கி வந்து மாட்டிச் சாவியைத் திருகிப் பார்ப்பதுதான். நானும் அதைத்தான் செய்தேன். கோவையில் ஓட்டுக் கொட்டகைக்குள் பதினோரு ஆண்டுகள் நின்றிருந்த எங்கள் அம்பாசடர் மார்க் 2, இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு 'டக்' என்ற ஒலியோடு நின்றது. துருவேறி இறுகிப்போயிருந்த வால்வு ஒன்று நகர மறுத்ததால் அதைத் தள்ளும் புஷ்ராடு வளைந்துவிட்டது என்பது, எஞ்சினின் உச்சியில் வால்வுகளை மூடியிருக்கும் ராக்கர் மூடியைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது. சில நாள் பொறுத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய பழுது, எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கும் வேலையாக முடிந்தது. ஆகவே இந்த வழிகாட்டியில் எஞ்சினுக்கு நடுவில்தான் இடம் கொடுத்திருக்கிறேன். உடற்கூடும் பிரேக்கும் முன்னால் வரும், பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும்.

அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் இந்திய வடிவம். 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரிக்கப்பட்டது. பெரும்பாலான பழைய பெட்ரோல் வண்டிகளில் இருப்பது 1489 சி.சி. பி சீரிஸ் எஞ்சின். அக்கால எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் இதே குடும்பத்து எஞ்சின்தான் என்பதால், உள்ளூரில் கிடைக்காத சில கேஸ்கெட்டுகளும் வால்வு பாகங்களும் இங்கிலாந்துக் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. நம் ஊரில் தேடுவோருக்குச் சென்னை புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் இருக்கவே இருக்கின்றன. எதைத் தேடிப் போனாலும் கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், ஏனென்றால் மார்க் 2க்கும் மார்க் 4க்கும் ஒன்றுபோல் தோன்றும் பாகங்கள் பல பொருந்துவதில்லை.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைத் திறந்து, அதிலுள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்டுள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வாடகைக்கு ஓடிய அம்பாசடர்கள் பலவற்றில் டீசல் எஞ்சின் ஏற்றப்பட்டிருக்கும், அந்த மாற்றம் ஆவணத்தில் ஏறியிருக்காது. தனியார் காரின் பதிவு முதல் 15 ஆண்டுகளுக்குப் பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்பட வேண்டும். 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு கூடிய தனிப் பதிவு வரிசையும் உண்டு. ஆனால் சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அது கிடைக்காது. அன்றாடப் பயன்பாட்டுக்கும் அந்தப் பதிவு உதவாது. பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டு வேறொன்றை வைத்துவிடலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால், இதை நினைவில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

கருவிகளைப் பொறுத்தவரை ஒரே ஓர் எச்சரிக்கை. இந்த வண்டியின் நட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவில் உள்ளவை. அரை அங்குல நட்டின் மீது 13 எண் ஸ்பேனர் ஏறிவிடும், நாமும் சரியான அளவுதான் என்று எண்ணிக்கொள்வோம். ஆனால் துருப்பிடித்த நட்டில் சற்று அழுத்திய உடனே முனைகள் மழுங்கி, அடுத்து உளியும் சுத்தியலும் எடுக்க வேண்டிய நிலை வரும். அங்குல ஸ்பேனர் செட் ஒன்று, உறுதியான ஜாக்கி ஸ்டாண்டுகள் நான்கு, கழற்றியவற்றைப் பெயரெழுதிப் போட்டுவைக்கப் பழைய பிஸ்கட் டப்பாக்கள் சில ஆகியவை போதும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள்.

அம்பாசடருக்கு லாரியைப் போலத் தனிச் சேஸிஸ் கிடையாது. உடற்கூடே எலும்பாகவும் தோலாகவும் இருந்து பாரத்தைச் சுமக்கிறது. அதனால் இங்கே துரு என்பது அழகுக் குறையாக நிற்பதில்லை, வண்டியின் வலிமையையே தின்றுவிடுகிறது. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிப் பகுதி, பின்பக்க இலைச் சுருள் பட்டைகள் (லீஃப் ஸ்பிரிங்) உடலோடு சேரும் இடம், ஓட்டுநர் காலடித் தரை, டிக்கியின் அடித்தட்டு, பேட்டரித் தட்டின் அடிப்புறம், முன்கண்ணாடி ரப்பர் பீடிங்கின் கீழ் மூலைகள் ஆகியவற்றை முதலில் பாருங்கள். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மெல்லிய துணியில் சுற்றிய ஒரு காந்தத்தை உடல் முழுவதும் மெதுவாக நகர்த்திக்கொண்டு போங்கள். இரும்பு இருக்கும் இடத்தில் அது ஒட்டும், பள்ளத்தை நிரப்பும் பட்டி தடிமனாகப் பூசப்பட்ட இடத்தில் நழுவிவிடும். எங்கள் வண்டியில் இடப்பக்க முன்கதவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் காந்தம் ஒட்டவே இல்லை. முன்பொரு முறை டிங்கர் வேலைக்கு விட்ட பட்டறையில் ஓட்டையின் மீது செய்தித்தாளைத் திணித்து, மேலே பட்டி பூசிப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தார்கள். ஸ்க்ரூ டிரைவரால் குத்தியதும் மூன்றாகக் கிழிந்த தாள் வெளியே வந்தது.

அழுகிய தகட்டை, நல்ல இரும்பு பளிச்சென்று தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகட்டை வெல்டிங் செய்வதுதான் முறை. வெல்டிங் பழக்கம் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலைக்காவது தேர்ந்த டிங்கரை வீட்டுக்கு அழைப்பது நல்லது. ஆனால் அவருக்கு அருகில் நின்று இரண்டைக் கவனியுங்கள். கதவுக்கடிப் பெட்டியை வெட்டும்போது வண்டியின் பாரம் நான்கு சக்கரங்களிலோ சஸ்பென்ஷன் பிடிகளிலோ சமமாக இறங்கியிருக்க வேண்டும். கதவுகள் மாட்டப்பட்டு, மூடும் இடைவெளி ஒவ்வொரு கட்டத்திலும் சரிபார்க்கப்பட வேண்டும். நடுவில் ஜாக்கி கொடுத்து வெட்டினால் உடல் வில்லாக வளைந்துவிடும். அப்படியே வெல்டிங் ஆறிய பிறகு அந்தக் கதவு ஆயுளுக்கும் மூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் டேங்கை வண்டியை விட்டே அகற்றிய பிறகுதான் தீப்பொறி பறக்கும் எந்த வேலையும் நடக்கலாம். காலி டேங்கில் தங்கியிருக்கும் ஆவி, நிரம்பிய டேங்கை விட ஆபத்தானது. புதுத் தகட்டின் உட்புறத்துக்கு எபாக்ஸி பிரைமரும் மெழுகுப் பூச்சும் கொடுத்து, கதவடியிலும் பெட்டியடியிலும் உள்ள சிறு வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பழைய துருவுக்குப் பாதிக் காரணம் அடைபட்ட அந்தத் துளைகளே.

அடுத்தது பிரேக். பழைய அம்பாசடரில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். நான்குக்கும் ஒரே எண்ணெய்த் தடம். ஏதேனும் ஒரு சக்கரத்தின் சிலிண்டர் கசிந்தாலும் பெடல் தரையைத் தொட்டுவிடும், நான்கும் ஒரே நேரத்தில் போய்விடும். எனவே நின்றுபோன வண்டியில் பிரேக் பாகங்களைச் சோதித்துப் பார்த்து வைத்துக்கொள்ளலாமா என்ற யோசனைக்கே இடம் கொடுக்க வேண்டாம். பெடலை மிதிக்கும்போது எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கிட், சக்கரங்களில் உள்ள வீல் சிலிண்டர்கள், முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாக உள்ள மூன்று ரப்பர் ஹோஸ்கள் ஆகியவற்றைக் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள். ஹோஸ் வெளியே புதிதுபோல் இருந்தாலும் உள்ளே வீங்கி, எண்ணெயைப் போகவிட்டுத் திரும்ப விடாமல், சக்கரத்தைப் பிடித்தபடியே வைத்திருக்கும். பழைய ஷூ லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், டிரம்மில் படிந்த தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். சிலிண்டர் ரப்பர்களைப் பொருத்தும்போது பிரேக் எண்ணெயை மட்டுமே தடவ வேண்டும். சாதாரண கிரீஸோ எஞ்சின் ஆயிலோ பட்டால் அவை சில வாரங்களில் ஊறி வீங்கிவிடும். எண்ணெய்த் தடத்தில் சிக்கிய காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள பின்சக்கரத்தில் தொடங்கி அருகிலுள்ள முன்சக்கரத்தில் முடிக்க வேண்டும்.

பெட்ரோல் பாதையில் இப்போது ஒரு புதுச் சிக்கல் சேர்ந்திருக்கிறது. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழைய ரப்பரை இளக்கிவிடும். எனவே டேங்கைக் கழுவித் துருநீக்கி, எத்தனால் தாங்கும் ஹோஸ்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் புதிதாகப் போட்டு, கண்ணாடி ஃபில்டர் ஒன்றையும் இடையில் சேர்த்துவிடுங்கள். அரிதாக ஓட்டும் வண்டியில் டேங்கை மாதக்கணக்கில் நிரப்பி வைத்திருப்பதும் நல்லதல்ல.

இனி எஞ்சின். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் ஊற்றி, இரண்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள். ராக்கர் மூடியைக் கழற்றி எட்டு வால்வுகளின் தண்டுகளுக்கும் சில துளிகள் விடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, வண்டியின் முன்பக்கம் செருகி எஞ்சினைக் கையால் சுழற்றும் கிராங்க் கம்பியால் கால் சுற்று, அரைச் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள். கம்பியைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் கம்பி கையை விட்டு நழுவிப் போகட்டும், விரலை முறித்துவிட்டுப் போகக் கூடாது. எட்டு வால்வுகளும் ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே செல்ஃப் மோட்டாருக்கு வேலை கொடுங்கள்.

சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் கேஜை மாட்டி நான்கு சிலிண்டர்களையும் அளந்தால், எஞ்சினைப் பிரிக்க வேண்டுமா என்பதை முடிவு செய்துவிடலாம். நான்கும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்தால் பிரிக்காதீர்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு கரண்டி ஆயில் ஊற்றி மீண்டும் அளந்து பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை. ஹெட்டை இறக்க நேர்ந்தால், அதை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் எக்ஸாஸ்ட் வால்வுகள் வந்து உட்காரும் இடத்தில் கடினப்படுத்திய சீட்டுகளைப் பொருத்தச் சொல்லுங்கள். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டது. 2000க்குப் பின் இந்தியாவில் அந்தப் பெட்ரோல் இல்லை. ஈயத்தின் பாதுகாப்பு இல்லாததால் சாதாரண சீட் நாளடைவில் தேய்ந்து, வால்வு உள்வாங்கிவிடும்.

டேப்பட் அமைப்பது, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையிலான இடைவெளியைச் சரிசெய்வது, கடினம் என்று பலர் அஞ்சுகிறார்கள். இதற்குப் பழைய மெக்கானிக்குகள் கைக்கொள்ளும் ஒன்பது கணக்கு ஒன்று உண்டு. வால்வுகளுக்கு முன்னிருந்து பின்னாக ஒன்று முதல் எட்டு வரை எண் கொடுங்கள். எந்த வால்வு முழுவதும் திறந்திருக்கிறதோ, அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் வருவதுதான் இப்போது நீங்கள் அமைக்க வேண்டிய வால்வு. எட்டாவது திறந்திருந்தால் முதலாவது, ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. பி சீரிஸ் எஞ்சினுக்கு வழக்கமான இடைவெளி 0.015 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.38 மி.மீ.; உங்கள் மாடலின் கையேட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை இழுக்கும்போது, புத்தகத்துக்கு அடியில் மாட்டிய ரூபாய் நோட்டை உருவுவதுபோல் லேசான பிடி தெரிய வேண்டும். லாக் நட்டை முறுக்கிய பின் மறுபடியும் உருவிப் பாருங்கள், முறுக்கும்போது அளவு மாறிவிடுவது வழக்கம்.

நம் ஊர் வெயிலுக்கு, எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நான் இதை ஏற்பதில்லை. அது இல்லாத எஞ்சின் உரிய சூட்டை அடைய நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். அதுவரை பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் கூடும். கொதிப்புக்கு உண்மையான காரணம் பெரும்பாலும் போர்வெல் தண்ணீர் ரேடியேட்டருக்குள் படியவைத்த உப்புதான். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊற்றினால் மே மாதத்திலும் முள் நடுவில் நிற்கும்.

மின்சார வேலையில், பேட்டரியின் எந்த முனை உடலோடு இணைந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். விளக்கு மங்கலாக எரிந்தால் டயனமோவைக் குறை சொல்வதற்கு முன் எர்த் இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். துணி சுற்றிய ஒயர் விரலால் வளைத்ததும் பொடிந்தால் மொத்தத்தையும் மாற்ற வேண்டியதுதான். சஸ்பென்ஷனில் கிரீஸ் நிப்பிள்கள் எல்லாவற்றிலும் பழைய கிரீஸ் வெளியேறிப் புதியது தெரியும்வரை அடியுங்கள். முன்பக்க டார்ஷன் பாரை மட்டும் பழக்கமில்லாமல் கழற்ற முயல வேண்டாம், முறுக்கேறிய அந்த இரும்பு விடுபடும்போது கை எலும்பு தாங்காது. டயர் பள்ளம் ஆழமாக இருந்தாலும் பக்கச்சுவரில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள்.

முதல் ஓட்டம் வீட்டு வாசலிலேயே நடக்கட்டும். பிளக் இல்லாமல் செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் ஏறுவதைப் பார்த்த பிறகு பிளக்குகளை மாட்டுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நடை வேகத்தில் பத்து முறை பிரேக் போட்டுப் பார்த்து, வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை என்றால் தெருவுக்கு வாருங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை மாற்றுங்கள். ஹெட்டை இறக்கியிருந்தால் அதன் நட்டுகளையும் மீண்டும் முறுக்குங்கள். ராக்கர் தண்டைத் தாங்கும் கால்களும் அதே நட்டுகளில் சிலவற்றால்தான் பிடிக்கப்பட்டிருக்கின்றன என்பதால், நட்டை முறுக்கிய பின் டேப்பட்டையும் மறுபடி அமைக்க வேண்டும்.

பெயின்ட் வேலைக்கு இன்னும் நாள் குறிக்க வேண்டாம். ஒரு மாதத்துக்கு, இரவில் வண்டியை நிறுத்தியதும் அதனடியில் விரித்த அட்டைப்பெட்டி ஒன்றைத் தள்ளி வையுங்கள். காலையில் முன்பக்கம் கறுப்புச் சொட்டு இருந்தால் எஞ்சின் ஆயில், பச்சையாக இருந்தால் கூலன்ட். சக்கரத்தின் உட்புறத்துக்கு நேர்கீழே நிறமற்ற வழுவழுப்பு தெரிந்தால் அது பிரேக் எண்ணெய். அன்று பேருந்தில் போய்விடுங்கள்.