ஊர் மாறும் முன் மே மாத விடியலைப் பாருங்கள்

தட்பவெப்பத்துக்காக வேறு ஊரில் குடியேற நினைப்பவர்கள், ஆண்டுச் சராசரியை விட்டுவிட்டு, அந்த ஊரின் மே மாதக் குறைந்தபட்ச வெப்பநிலையை முதலில் பார்க்க வேண்டும். சென்னையில் அது சுமார் 28 டிகிரி. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூருவில் 22 டிகிரியை ஒட்டியே இருக்கும். கோடையில் நடைப்பயிற்சிக்கு வாய்க்கும் நேரம் விடியற்காலைதான் என்பதாலும், குறைந்தபட்ச வெப்பநிலை பெரும்பாலும் அவ்வேளையில்தான் பதிவாகிறது என்பதாலும், ஐந்தரை மணிக்குத் தெருமுனையைத் தாண்டுவதற்குள் சட்டை நனைந்துவிடுமா என்பதை இந்த ஓர் எண்ணே ஓரளவு சொல்லிவிடும். கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் இரவிலும் வெப்பத்தை எளிதில் இறங்கவிடுவதில்லை. உதகை போன்ற மலையூர்களுக்கு இக்கணக்கு உதவாது. அங்கே நம்மை வீட்டுக்குள் முடக்குபவை மழையும் மூடுபனியுமே. தில்லிக்கோ, நவம்பர் மாதக் காற்றின் தரத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு முன்பணம் கொடுக்கக் கூடாது.