சைனஸ் அடைப்பு: வீட்டு வைத்தியத்தில் நாம் செய்யும் தவறுகள்

குனிந்தால் நெற்றி கனக்கிறது. கன்னத்து எலும்பைத் தொட்டாலே வலிக்கிறது. எத்தனை முறை சிந்தினாலும் மூக்கு திறப்பதாக இல்லை. இந்த நிலையில் யாருக்கும் பொறுமை இருக்காது. பலம் கொண்ட மட்டும் சிந்துவோம், கொதிக்கக் கொதிக்க ஆவி பிடிப்போம், யார் எதைச் சொன்னாலும் மூக்கில் விட்டுப் பார்ப்போம். தவறுகள் பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான் நடக்கின்றன.

மூக்கை அடைத்திருப்பது சளி மட்டும் இல்லை. உள்தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிந்து, தோல் வீங்கி, வழியே குறுகிவிடுகிறது. நெற்றி, கன்னம், கண்களுக்கு நடுவே, மூக்கின் பின்பக்கம் என்று ஜோடி ஜோடியாக இருக்கும் சைனஸ் அறைகள், சில மில்லிமீட்டர் அகலமே உள்ள துவாரங்கள் வழியாகத்தான் மூக்குக்குள் வடிகின்றன. கன்னத்து அறையின் துவாரமோ அந்த அறையின் மேல்பகுதியில் இருக்கிறது. கீழே தேங்கும் சளியை அதுவரை ஏற்றிக் கொண்டுபோவது, கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள். வீங்கிய தோலையும் இந்த மயிர்களையும் மேலும் புண்படுத்துகிற எந்த வைத்தியமும் அடைப்பைக் கூட்டத்தான் செய்யும்.

முதல் தவறு பலமாகச் சிந்துவது. 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், மூக்கின் பின்பகுதியில் சாயத் திரவத்தை விட்டு, சிந்தச் சொல்லி, சி.டி. ஸ்கேனில் பார்த்தார்கள். திரவம் சைனஸ் அறைகளுக்குள் ஏறியிருந்தது. தும்மியபோதும் இருமியபோதும் அப்படி ஏறவில்லை. அதனால் ஒரு பக்கத்தை மட்டும் லேசாக மூடிக்கொண்டு, மறுபக்கம் மெதுவாகச் சிந்துங்கள். வரவில்லையா, விட்டுவிடுங்கள்.

அடுத்தது ஆவி. பிடித்தால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், உண்மைதான். ஆனால் நோயைக் குணமாக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆபத்து மட்டும் நிச்சயம் உண்டு. போர்வைக்குள் தலையை விட்டபடி, மடியில் கொதிநீர்ப் பாத்திரம். திடீரென்று ஒரு தும்மல், ஒரு முழங்கை அசைவு, அவ்வளவுதான், வெந்நீர் தொடையில். குழந்தைகளுக்கு இந்த முறையே வேண்டாம். வெந்நீர்க் குளியலின் ஆவியும், வெதுவெதுப்பான நீரில் பிழிந்து முகத்தில் போடும் துணியும் அதே இதத்தைத் தரும்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவதை நான் முழு மனதோடு சிபாரிசு செய்வேன். சளியையும் தூசியையும் அலசி வெளியேற்றும், உள்தோலை ஈரமாக வைக்கும். ஆனால் அதிகக் கவனம் வேண்டியதும் இதற்குத்தான். குழாய்த் தண்ணீரை நேரடியாகப் பயன்படுத்தவே கூடாது. குடிக்கிற தண்ணீர்தானே என்று தோன்றும். வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாத நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா, மூக்கு வழியாகப் போனால் மூளையைத் தாக்கும். 2011-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரால் மூக்கு கழுவிய இரண்டு பேர் இப்படித்தான் இறந்தார்கள். அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பது அதைவிட அரிது. காய்ச்சி வடித்த நீர் அல்லது நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதித்து ஆறிய நீர் மட்டுமே சரி. உயரமான மலைப்பகுதி என்றால் மூன்று நிமிடம்.

உப்பும் அளவாக இருக்க வேண்டும். லிட்டருக்கு 9 கிராம், அதாவது 240 மில்லிக்குச் சுமார் 2 கிராம். பொடி உப்பில் இது அரை டீஸ்பூனைவிடக் குறைவு. அயோடின் சேர்க்காத உப்பு நல்லது, எரிச்சல் குறையும். எரிகிறதே என்று உப்பே இல்லாமல் வெறும் நீரை விட்டால் இன்னும் மோசமாக எரியும். தொட்டிமேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயைத் திறந்து அதன் வழியே மூச்சு விட்டபடி, மேல்பக்க நாசியில் ஊற்றுங்கள். நீர் அடுத்த நாசி வழியே தானாக வழியும். வழியவில்லை என்றால் அழுத்தித் தள்ள வேண்டாம், வீக்கம் கொஞ்சம் இறங்கட்டும். கழுவிய குப்பியை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்து, காய வைத்துவிடுங்கள்.

இனி, மூக்கடைப்பு ஸ்ப்ரே. ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் வகை மருந்துகள் விரிந்த ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அடித்த சில நிமிடங்களில் மூக்கு திறக்கும் அந்தச் சுகம் எனக்குத் தெரியும். தலையணைக்கு அடியிலேயே அந்தக் குப்பியை வைத்துத் தூங்கியிருக்கிறேன். மருந்தின் வேகம் இறங்கியதும் அடைப்பு முன்பைவிடப் பலமாகத் திரும்பி வரும், கை மறுபடி குப்பியைத் தேடும். ஜலதோஷம் எப்போதோ போய்விட்டது, மூக்கை அடைத்துக்கொண்டிருந்தது அந்த ஸ்ப்ரேதான் என்று புரிய எனக்கு வெகுநாள் ஆனது. மூன்று நாள், அதற்கு மேல் வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். உப்புநீர் ஸ்ப்ரேக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

மெந்தால் தைலம் மூக்கைத் திறப்பதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டி, திறந்ததுபோல் உணர வைக்கிறது. நெஞ்சில் தடவினால் போதும், நாசிக்குள் தடவக் கூடாது. கற்பூரம் கலந்தது இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது. பூண்டுப் பல்லை மூக்கில் செருகினால் சளி கொட்டுவது உண்மை. எரிச்சல் தாங்காமல் உள்தோல் புதிதாகச் சுரக்கும் சளி அது.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதும் பழைய ஆன்டிபயாட்டிக் அட்டையைத் தேடுவதும் தவறு. நம் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதிதான் அந்த நிறத்தைத் தருகிறது. வைரஸ் ஜலதோஷத்திலும் அதே நிறம் வரும், வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. பெரும்பாலான சைனஸ் தொல்லை ஏழு முதல் பத்து நாளில் தானே அடங்கிவிடும்.

சிலருக்கு அது சைனஸாகவே இருக்காது. தங்களுக்கு இருப்பது சைனஸ் தலைவலிதான் என்று நம்பிய 2,991 பேரை ஆராய்ந்து 2004-ல் வெளியான முடிவில், 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகை. வலியோடு குமட்டலும் வெளிச்சம் பட்டால் கூசுவதும் சேர்ந்து, மூக்கில் கெட்டியான சளியே இல்லை என்றால் எவ்வளவு ஆவி பிடித்தும் பயனில்லை. ஒரே பக்கம் மட்டும் துர்நாற்றத்தோடு சளி வந்தால் மேல் கடைவாய்ப் பல்லைக் காட்டிப் பார்க்க வேண்டும், அதன் வேர் கன்னத்து சைனஸை ஒட்டியே இருக்கிறது.

பத்து நாளாகியும் குறையவில்லை, அல்லது குறைந்து மறுபடி ஏறுகிறது, அல்லது 39 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நிற்கிறது என்றால் மருத்துவரிடம் போங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு இவற்றில் ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள், அந்த நேரமே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.