எலும்பு ஸ்கேன்: கறுத்த புள்ளியெல்லாம் புற்று அல்ல

புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேனுக்கு, வேதாரண்யத்திலிருந்து முதல் பஸ் பிடித்துப் பட்டினியோடு தஞ்சாவூர் வந்து இறங்குகிறவர்கள் உண்டு. இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. தண்ணீர்தான் தேவை.

ஊசியில் ஏறுவது டெக்னீசியம்-எம்டிபி என்ற கதிர்வீசும் மருந்து, 20 முதல் 30 மில்லிகியூரி (கதிரியக்க அளவு). அது அதிகம் சேரும் இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும். எலும்பில் ஒட்ட 2 முதல் 4 மணி நேரம் ஆகும். ஒட்டாத மிச்சம் சிறுநீரில் வெளியேறாவிட்டால் சதையிலேயே நின்று படத்தை மங்கலாக்கும். அந்த இடைவெளியில் ஒரு லிட்டராவது குடியுங்கள் (தண்ணீர் அளவு கட்டுப்பாடு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு). படுக்கும் முன் சிறுநீர் கழிக்காவிட்டால், நிறைந்த பை இடுப்பெலும்பை மறைக்கும். புடவையிலோ வேட்டியிலோ சிறுநீர் ஒரு சொட்டுப் பட்டாலும் தொடையெலும்பில் புள்ளி போலத் தெரியும். துணியை மாற்றி, தோலைக் கழுவி, அந்த இடத்தை மட்டும் மறுபடி எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வெள்ளி அரைஞாண், தாயத்து, மடியிலுள்ள சில்லறை எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். உலோகம் கதிரைத் தடுப்பதால் அங்கே வெளிறிய ஓட்டை விழும். மருந்தின் வீரியம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும், ஆகவே தாமதமும் கூடாது. இடது மார்பகத்தில் நோய் என்றால் ஊசி வலது கையில். ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்த மருந்து அக்குள் நெறிக்கட்டியைக் கறுப்பாகக் காட்டிக் குழப்பும்.

பெரிய தவறு ரிப்போர்ட் படிப்பதில்தான். ஸ்கேன் காட்டுவது புற்றை அல்ல, எலும்பு தன்னைப் பழுதுபார்க்கும் வேலையை. வருஷக்கணக்காகக் குனிந்து நாற்று நட்ட முதுகும் தேய்ந்த முழங்காலும் கறுக்கும். வரப்பில் வழுக்கி விழுந்தவருக்கு விலா எலும்புகளில் வரிசையாகப் புள்ளிகள் வரும். விழுந்ததைச் சொல்லாமல் விடாதீர்கள், பழைய எக்ஸ்ரேயும் கொண்டுவாருங்கள். ஒற்றைப் புள்ளி மட்டும் என்றால் ஸ்பெக்ட்-சிடி (அதே மருந்தை வைத்து, சிடியோடு சேர்த்து எடுக்கும் முப்பரிமாணப் படம்) எடுத்துப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

புதிய சிகிச்சை தொடங்கி முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்தால், ஆறிவரும் எலும்பே முன்னைவிடக் கறுத்து நோய் முற்றியதாகப் பயமுறுத்தலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: எலும்பு முழுவதும் ஒரே சீராகக் கறுத்துத் தெளிவாக இருந்து சிறுநீரகமே தெரியாவிட்டால் 'நல்ல படம்' என்று நினைக்காதீர்கள், நோய் எங்கும் பரவியிருக்கலாம். எலும்பு மஜ்ஜையில் வரும் மைலோமா என்ற புற்றோ எலும்பை அரிக்குமே தவிரப் பழுதுபார்க்க விடாது. அதற்கு இந்த ஸ்கேனை நம்பாமல் எம்ஆர்ஐயோ பெட்-சிடியோ கேளுங்கள்.