துவங்காத லினக்ஸ் வட்டு: அடுத்த வட்டை எரிப்பதற்கு முன்

எரித்த (அதாவது, தரவு பதிந்த) லினக்ஸ் இயங்குதள நிறுவல் வட்டிலிருந்து கணினி துவங்கவில்லையென்றால், இன்னொரு வட்டை வீணாக்குவதற்கு முன் அதைக் கோப்பு மேலாளரில் திறந்து பாருங்கள். உள்ளே ஒரே ஒரு ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் தெரிந்தால், அது சாதாரணக் கோப்பாக நகலெடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ஐஎஸ்ஓ என்பது துவக்கப் பகுதியையும் உள்ளடக்கிய முழு வட்டின் பிரதி என்பதால், எரிக்கும் மென்பொருளில் 'டேட்டா டிஸ்க்' என்பதை விடுத்து 'பர்ன் இமேஜ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் அந்தப் பகுதி கணினி தேடும் இடத்தில் பதியும்.

பல கோப்புறைகள் தெரிந்தும் துவங்காவிட்டால், பதிவிறக்கிய கோப்பின் எஸ்ஹெச்ஏ256 சரிபார்ப்புத் தொகையை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் நீண்ட எழுத்து-எண் வரிசை) வெளியீட்டாளர் தந்துள்ளதோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் மீண்டும் பதிவிறக்க வேண்டியதுதான். பலரும் பரிந்துரைக்கும் குறைந்த எரிப்பு வேகம், பழுதான கோப்பைச் சரிசெய்யாது. தொகை பொருந்தினால் மட்டுமே வேகத்தைக் குறைத்து எரித்துப் பார்ப்பதில் பயனுண்டு.

எந்த வட்டிலிருந்துமே துவங்காத கணினிக்கு இச்சோதனை உதவாது. அங்கே பயாஸில் (கணினி துவங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருளில்) துவக்க வரிசையைத்தான் பார்க்க வேண்டும். கோப்பு 4.7 ஜிபியைத் தாண்டினால் ஒற்றை அடுக்கு டிவிடியில் அடங்காது. அதற்கு யூஎஸ்பி பென்டிரைவே ஏற்றது.