பழைய இழைப்பு மெஷினுக்கு மறுவாழ்வு

ராமநாதபுரம் கடலோரத்தில் கைமாறும் இழைப்பு மெஷினுக்கு, அதாவது பலகையைச் சீவிச் சமமாக்கும் மெஷினுக்கு, முதல் எதிரி உப்புக்காற்று. துருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். டேபிள் கோணியிருந்தால் வாங்காதீர்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, துருப்பிடித்த டேபிளில் மண்ணெண்ணெய் பூசி ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். 220 நம்பர் எமரித் தாளை மரக்கட்டையில் சுற்றித் தேயுங்கள். கிரைண்டர் வேண்டவே வேண்டாம், குழி விழும். பிளேடுகளைத் தாங்கும் உருளையைக் கையால் சுற்றும்போது கரகரத்தால் இரண்டு பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். எண் அதன் பக்கவாட்டிலேயே இருக்கும்.

பிளேடு பூட்டுவதில்தான் நிதானம் வேண்டும். பின் டேபிளில், அதாவது இழைத்த பலகை வெளியேறும் பக்கத்து டேபிளில், நேரான சட்டத்தை வைத்து உருளையை மெல்லச் சுற்றுங்கள். ஒவ்வொரு பிளேடும் இரு ஓரத்திலும் நடுவிலும் சட்டத்தை லேசாக உரச வேண்டும். உயர்ந்திருந்தால் பலகையின் கடைசிப் பகுதியில் பள்ளம் விழும். தாழ்ந்திருந்தால் பலகை பின் டேபிள் விளிம்பில் முட்டும். போல்ட்டுகளை இறுக்கியபின் மறுபடி சரிபாருங்கள், இறுக்கும்போது பிளேடு நகரும்.

டேபிளுக்கு மெழுகு பூசுங்கள். இந்தக் காற்றில் மாதம் ஒருமுறையாவது பூச வேண்டும்.