பழைய வட்டுகளைக் காரங்குனிக்குப் போடுவதற்கு முன்

சென்ற மாதம் என் அண்ணன் மகன் சிங்கப்பூரின் பொங்கோலில் புதிய வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குக் குடிபோனான். 65 அங்குலத் தொலைக்காட்சியைச் சுவரில் மாட்டிய கையோடு, அவன் அப்பா பல ஆண்டுகளாகச் சேர்த்த படவட்டுகளை மூன்று அட்டைப்பெட்டிகளில் அடைத்து, காரங்குனிக்காரருக்கு, அதாவது வீடு வீடாகப் பழைய சாமான் வாங்குபவருக்கு, போடுவதற்காக வாசலில் வைத்திருந்தான். "எல்லாம் ஆன்லைன்லயே இருக்கு சித்தப்பா" என்றான். 2014இல் இதே வாக்கியத்தை நானும் சொன்னவன் என்பதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய படவட்டு வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்; வட்டை விளிம்பில் பிடிக்க வேண்டும் என்பது போன்ற பாலபாடங்களை இங்கே விட்டுவிடுகிறேன்.

புதுப் பிரதி வந்துவிட்டது என்று பழையதைத் தூக்கிப் போடுவது

அன்று நான் போட்டவை ஏறக்குறைய 200 வட்டுகள். கையில் கிடைத்தது 12 வெள்ளி. சில மாதங்கள் கழித்து, அம்மாவுக்குப் பிடித்த ஒரு பழைய படத்தின் நடனக் காட்சியைப் 'புதுப்பிக்கப்பட்ட' பிரதியில் போட்டுக் காட்டினேன். நிறம் பளிச்சென்று இருந்தது, முகத்தில் துரும்பளவு கறை இல்லை. ஆனால் ஜதி உச்சத்துக்குப் போன நேரத்தில் அம்மா கேட்ட ஒரே கேள்வி: "கால் எங்கேடா?"

நடனமணியின் பாதங்கள் திரைக்குக் கீழே போயிருந்தன. காரணம் எளியது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படமான ராஜராஜ சோழன் 1973இல்தான் வந்தது; அதற்கு முந்தைய நம் படங்கள் பெரும்பாலும் 1.37:1 (அகலத்துக்கு உயரம்) என்னும், சதுரத்தை ஒட்டிய சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய தொலைக்காட்சியோ 16:9. பழைய படத்தைச் சிதைக்காமல் காட்டினால் இருபுறமும் கறுப்புப் பட்டை விழும். அந்தப் பட்டையைக் குறை என்று நினைக்கும் பார்வையாளரைத் திருப்திப்படுத்த, பிரதி தயாரிப்பவர்கள் சிலர் மேலும் கீழும் நறுக்கித் திரையை நிரப்பிவிடுகிறார்கள். அப்படி நறுக்கும்போது உயரத்தில் சுமார் 23 விழுக்காடு போய்விடுகிறது. ஒளிப்பதிவாளர் பார்த்துப் பார்த்து அமைத்த சட்டகத்தில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவானதைக் குப்பையில் போட்டுவிட்டு, அதற்குப் 'புதுப்பித்தல்' என்று பெயர் வைப்பதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சில பிரதிகளில் ஒலியையும் விட்டுவைப்பதில்லை. ஒற்றைத் தடத்தில் பதிவான பாட்டுக்கு எதிரொலியைக் கூட்டிக் குகைக்குள் பாடுவது போல ஆக்கிவிடுகிறார்கள்.

பழைய வட்டுகள் எல்லாம் யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. விசிடி காலத்தில் இதன் மறுபக்கம் நடந்தது: 2.35:1 அகலத்தில் எடுத்த படத்தை 4:3 பெட்டிக்குள் திணிப்பதற்காக அகலத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் வெட்டினார்கள். இருவர் பேசும் காட்சியில் ஒருவரின் மூக்கு மட்டும் தெரியும். ஆகவே எந்தப் பிரதி நல்லது என்பதை வெளியான ஆண்டோ தெளிவோ சொல்லாது. இரண்டையும் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். படத்தின் எழுத்தோட்டத்தை ஓட விடுங்கள். பெயர்கள் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ உரசினால், அல்லது பாதி எழுத்து காணாமல் போயிருந்தால், அது நறுக்கிய பிரதி. ஆனால் அதற்கும் முன்னால் உங்கள் தொலைக்காட்சி 'ஜூம்' அமைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் ஒருமுறை ஒரு வாரம் முழுக்க ஒரு வட்டைத் திட்டித் தீர்த்த பிறகுதான், ரிமோட்டில் யாரோ அழுத்தி வைத்த பொத்தான்தான் குற்றவாளி என்று தெரிந்தது.

அந்த 200 வட்டுகளில் இதுவரை 31ஐத்தான் திரும்பப் பெற்றிருக்கிறேன். பிராஸ் பசா வளாகத்துப் பழைய புத்தகக் கடைகளிலும், தெரிந்தவர்கள் வீடு மாறும்போதும் தேடுகிறேன். அன்று மொத்தத்துக்கும் கிடைத்த பணத்தைவிட, இன்று ஒரே ஒரு வட்டுக்கு அதிகம் கொடுத்திருக்கிறேன்.

ஓட்ட நேரம் குறைந்தால் 'வெட்டிவிட்டார்கள்' என்று குதிப்பது

திரையரங்கில் படம் நொடிக்கு 24 சட்டகங்களாக ஓடுகிறது. பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறைக்கான வட்டுகளில் அது 25 ஆக ஓடும். ஆகவே 180 நிமிடப் படம் ஒரு காட்சிகூடக் குறையாமல் 173 நிமிடத்தில் முடிந்துவிடும், குரல்களும் ஒரு நூல் உயர்ந்து கேட்கும். இது தெரியாமல் கடைக்காரர் ஒருவரிடம் சண்டைக்குப் போய், பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டாமல் சில மாதம் திரிந்தேன். அதற்கு மேலும் குறைந்தால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் ஒரு பாட்டு போயிருக்கும்.

வட்டார எண்ணைப் பார்க்காமல் வாங்குவது

பல வட்டுகள் அவை விற்கப்படும் வட்டாரத்தின் கருவிகளில் மட்டுமே ஓடும்படி பூட்டப்பட்டிருக்கும்; அந்த வட்டாரத்தைக் குறிப்பதுதான் இந்த எண். டிவிடியில் சிங்கப்பூர் 3, இந்தியா 5. புளூரேயில் நாம் ஏ, இந்தியா சி, பிரிட்டன் பி. 4கே புளூரே வட்டுகளுக்கு இந்தப் பூட்டு இல்லை. லண்டன் தள்ளுபடி விலையைக் கண்டு மயங்கும் முன், உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

தொலைக்காட்சியில் அசைவை வழவழப்பாக்கும் வசதி

அணைத்துவிடுங்கள்.

'வாங்கு' என்ற பொத்தான்

இணையத்தில் அதை அழுத்திப் பெறுவது பெரும்பாலும் பார்க்கும் உரிமம் மட்டுமே.

பெட்டியை எறிந்துவிட்டு வட்டுகளை உறைப்பையில் அடைப்பது

வீவக வீட்டில் இடம் போதாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் மலிவான பிவிசி உறைகளிலிருந்து கசியும் மென்மையூட்டி (பிளாஸ்டிக்கை வளையச் செய்யும் வேதிப்பொருள்), நம் ஊரின் வெப்பத்திலும் 80 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும் ஈரப்பதத்திலும் வட்டின் மீது மங்கலான படலமாகப் படியும். நாளடைவில் உறையே வட்டோடு ஒட்டிக்கொள்ளும். பெட்டியோடு வைக்க முடியாதவர்கள் பாலிபுரோப்பிலீன் உறையைக் கேட்டு வாங்குங்கள். குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியைத் தவிருங்கள். அண்ணனுடைய மூன்றாவது பெட்டியில் கிடந்த உறைப்பையில் ஏழு வட்டுகள் அப்படித்தான் ஒட்டியிருந்தன. அவற்றுள் ஒன்று, அம்மாவுக்குப் பிடித்த அந்தப் படம்.